இரண்டங்குல மனிதர்களுக்கு ஒரு கடற்கரை

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக வேலை பார்த்தேன். அங்கே எனக்கும் தமிழ் டீச்சருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரிய விரோதம் ஒன்றுமில்லை. பரீட்சை நெருங்கினால் தையல் வகுப்பைத் தமிழுக்கு எடுத்துக்கொள்வது அந்தப் பள்ளியின் வழக்கம். ஒருநாள் பிள்ளைகளெல்லாம் ஊசியில் நூல் கோத்து காஜா எடுக்க உட்கார்ந்த சமயம் பார்த்து அவர் வந்து நின்றார்.

"இலக்கணம் பாக்கி இருக்கு. பிள்ளைங்களைக் கொடுங்க டீச்சர்."

"சட்டைக்குப் பொத்தான் இல்லாமப் போனா இலக்கணமா வந்து மூடும்?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ஓய்வறையில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் நான் கதவுப் பக்கம் உட்காருவேன்.

இப்படி இருக்கும்போது தலைமையாசிரியை ஒருநாள் எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டனுப்பினார். பள்ளியில் தமிழ்க் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். அதில் ஐந்திணையும் மாதிரியாக இருக்க வேண்டும். டிராயிங் மாஸ்டர் களிமண்ணில் மனிதர்களைச் செய்து தருவார். ஒவ்வொருவரும் இரண்டங்குல உயரம். திணைக்கு ஒரு பலகை. பொம்மைகள் நிற்பதற்கு மலை, காடு, வயல், கடற்கரை, வறண்ட நிலம் என்று அந்தப் பலகைகளின் மேல் ஐந்து தரைகளை அமைக்க வேண்டியது எங்கள் வேலை. எந்தத் திணையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்வார். எதை ஒட்டினால் அது அப்படித் தெரியும் என்று நான் பார்க்க வேண்டும்.

"நான் தையல்காரிம்மா. மண்ணுக்கும் எனக்கும் என்ன?" என்றேன்.

"கண்ணை மூடிக்கிட்டுத் துணியைத் தொட்டே இது மல்லு, இது காடான்னு சொல்றீங்களே. அந்த விரல் போதும்" என்றார் தலைமையாசிரியை. அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

தையல் அறையின் நீள மேஜையில் ஐந்து பலகைகளையும் வரிசையாக வைத்துவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் நின்றோம். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நெய்தலுக்கு வெண்மணல் வேணும்."

"வெண்மணலை எங்கே பார்த்தீங்க?"

"பாட்டுல."

"எங்க வீட்டுக்கு வாங்க. மணல் என்ன நிறம்னு காட்டறேன்" என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான். அவர் செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். மாமல்லபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவாக ஒரு முறை போயிருக்கிறாராம். நான் அதற்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் கூடை சுமக்கிறவள். எனக்கு நெய்தல் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்று ஒரு கர்வம் இருந்தது. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஞாயித்துக்கிழமை போலாமா?" என்றார்.

போனோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். பாதி தூரம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அதற்குப் பிறகு வழியில் கண்ணில் பட்டதெல்லாம் பலகையாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. "அந்தச் சவுக்குப் பட்டையைப் பாருங்க, பாறை மாதிரியே இல்ல?" என்று நான் சொன்னேன். "கிணத்துச் சுவர்ல காஞ்ச பாசி இருக்கே, அது முல்லைக்கு ஆகுமா?" என்று அவர் கேட்டார். மாமல்லபுரத்தில் இறங்குவதற்குள் கைக்குட்டையில் கொஞ்சம் செம்மண்ணும், பஸ் நின்ற இடத்தில் மரத்தடியில் உரித்த பட்டையும் சேர்ந்திருந்தன.

குறிஞ்சிக்காக முதலில் சிற்பிகளின் பட்டறைக்குப் போனோம். உளி விழும் இடத்தைச் சுற்றிலும் கருங்கல் சில்லுகள் சிதறிக் கிடந்தன. கேட்கத் தயங்கிக்கொண்டு நின்றோம். செதுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிறீங்க?"

"கீழே கிடக்கிற சில்லு கொஞ்சம் வேணும்."

"சில்லா? சாமி செலை வாங்க வர்றவங்களப் பாத்திருக்கேன். சில்லு கேட்டு வந்தவங்க நீங்கதான். கால்ல குத்துது, பெருக்கி எடுத்துகினு போங்க."

தமிழ் டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சில்லாக எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "இது பொதிகை. இது வேண்டாம், இது வெறும் கல்லு" என்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் ஒதுக்கிய சில்லுகளை நான் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சிலவற்றில் விளிம்பு கூராக உடைந்து, பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக இறங்கியிருந்தது. உள்ளங்கையில் வைத்தால் அப்படியே ஒரு மலை.

அங்கிருந்து குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் போனதும் அம்மா மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். எதற்காக வந்தோம் என்று சொன்னதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"மண்ணுக்கோசரமா பஸ் ஏறி வந்தே? இன்னா டீச்சரம்மா, இவ சொல்றது நெஜந்தானா?"

"நிஜந்தாம்மா."

"வூட்டச் சுத்தி அதுதான் கீது. எவ்ளோ வோணுமோ அள்ளிகினு போங்க. கருவாடும் கட்டித் தரேன், மண்ண மட்டும் எடுத்துகினு போனா நல்லா இருக்காது."

நான் அலை தொடும் இடத்திலிருந்து ஒரு பை, சவுக்குத் தோப்பு ஓரத்திலிருந்து ஒரு பை என்று பார்த்துப் பார்த்து அள்ளினேன். திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் மூட்டையைக் காலால் தள்ளப் பார்த்தார். அது அசையவில்லை.

"இன்னாம்மா இது, கல்லா, மண்ணா?"

"ரெண்டுந்தான் அண்ணாத்த" என்றேன்.

"வூடு கட்றீங்களா?"

"மலையே கட்றோம்" என்றார் தமிழ் டீச்சர். கருவாட்டு வாசனையில் முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். செங்கல்பட்டு வருவதற்குள் நாங்கள் இருவரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் என் கர்வம் உடைந்தது. நெய்தல் பலகையில் வஜ்ஜிரப் பசை காய்ச்சித் தடவி, என் ஊர் மணலைத் தூவி, காய்ந்ததும் உபரியைத் தட்டிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டிராயிங் மாஸ்டர் வந்து, வலை இழுக்கும் மீனவனை அதன் மேல் நிறுத்தினார். நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"டீச்சர், இவன் வலை இழுக்கப் போறானா, கல் உடைக்கப் போறானா?"

குனிந்து பார்த்தேன். இரண்டங்குல மனிதனின் கணுக்காலுக்கு ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கூழாங்கல்லாக இருந்தது. அவன் ஏதோ ஜல்லிக் குவியலில் தடுமாறி நிற்பவன் போலிருந்தான். கல்லை எவ்வளவு சின்னதாக உடைத்தாலும் அது மலையாகவே தெரிகிறது; மணல் மட்டும் ஆளுக்குத் தக்கபடி சுருங்க மறுக்கிறது. என் ஊர் மணலைக் கொண்டு என் ஊரைக் காட்ட முடியவில்லை. சல்லடையில் சலித்தேன், மல் துணியில் சலித்தேன். கீழே விழுந்தது புழுதியாக விழுந்தது. ஒட்டினால் மண் தரையாக இருந்ததே தவிர கடற்கரையாக இல்லை.

தமிழ் டீச்சர் இந்தச் சமயத்தில் என்னைக் குத்திக்காட்டியிருக்கலாம். செய்யவில்லை. "நெய்தல் கிடக்கட்டும், மத்ததை முடிப்போம்" என்றார்.

மற்றவை ஓரளவு சுலபமாகவே வந்தன. குறிஞ்சிக்குச் சில்லுகள். முல்லைக்குக் கிணற்றுச் சுவரில் சுரண்டிய பாசியும், கொதித்து முடித்துக் காயவைத்த டீத்தூளும். டீத்தூளைப் போல ஒரு காட்டு மண்ணை நான் பார்த்ததில்லை; கறுப்பும் பழுப்புமாக, ஈரம் இருக்கிற மாதிரியே தெரியும். ஓய்வறையில் யார் டீ குடித்தாலும் வடிகட்டியை நாங்கள் வாங்கிக்கொள்வோம். மருதத்துக்குக் கொளவாய் ஏரியிலிருந்து வண்டல் கொண்டுவந்து, பலகையில் கனமாகப் பூசி, வெயிலில் வைத்தோம். மதிய உணவு முடிந்து வந்து பார்த்தால் வயல் முழுக்க வெடித்திருந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாக, ஓரம் சுருண்டு மேலே எழும்பி, பார்த்தாலே நாக்கு வறண்டுவிடும்.

"போச்சு" என்று நான் கரண்டியை எடுத்துச் சுரண்டப் போனேன். தமிழ் டீச்சர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதீங்க! இது பாலை!"

"நாம வயல்தானே பூசினோம்?"

"அதுதான் யோசனையா இருக்கு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மலையும் காடும் வறண்டால் பாலையாகும் என்றுதான் படித்திருக்கிறாராம். வயல் வறண்டால் என்ன ஆகும் என்று எங்கேயும் படிக்கவில்லையாம். அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் அவர் முகத்தில் அதே கவலைதான். மணி அடித்து வெளியே வந்ததும், "எங்க ஏரி வத்தினா இப்படித்தான் இருக்கும். கண்ணால பார்த்திருக்கேன். வெச்சிடலாம்" என்றார். ஒரு பெரிய பாவத்தைத் துணிந்து செய்கிறவர் போல ஒரு சிரிப்பு.

மருதத்தை மறுபடி செய்தோம். இந்த முறை வண்டலில் உமியும் மரத்தூளும் பிசைந்து பூசியதால் வெடிக்கவில்லை. ஈரமாக இருக்கும்போதே தலைவாரும் சீப்பால் இழுத்து உழவுச் சால் போட்டேன். பச்சைச் சாயத்தில் முக்கிய தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி நட்டோம். நட்டது பெரும்பாலும் தமிழ் டீச்சர்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு நாற்றாக.

நெய்தல் மட்டும் பாக்கி. கண்காட்சி நெருங்கிவிட்டது. ஒருநாள் காலையில் உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது வாணலியில் கை நின்றது. பொன்னிறத்துக்குச் சற்று முன்னால், இளமஞ்சளாக, பொடிப்பொடியாக ஒரு கடற்கரை வறுபட்டுக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே டப்பாவில் கொட்டிப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன். மைதாப் பசை தடவி ரவையைத் தூவினோம். மீனவனை நிறுத்தினோம். கால் பதிந்து நின்றான்.

"வெண்மணல்!" என்றார் தமிழ் டீச்சர். அவர் கண் கலங்கிவிட்டது. நானும் ஒன்றும் எதிர்த்துச் சொல்லவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை, தையல் அறையைத் திறந்தேன். மேஜைக் காலில் ஒரு கறுப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற ஒவ்வொரு எறும்பின் வாயிலும் ஒரு ரவை. பலகையில் பாதிக் கடற்கரையைக் காணோம். மீனவன் வெறும் மரத்தில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

பின்னாலேயே வந்த தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், கடல் உள்ளே வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. தமிழ் டீச்சர் பலகையை எடுத்து ஜன்னல் வழியே உதறினார். உதறிவிட்டு என் பக்கம் திரும்பி, "அழாதே. நீ துணின்னா என்ன செய்வே? ஒரு துணி சரிவரலைன்னா கடைக்குப் போய் வேற துணியைத் தொட்டுப் பார்ப்பே இல்ல? போ, போய்த் தொட்டுப் பாரு. உன் வகுப்பை நான் பார்த்துக்கறேன். காஜா எடுக்கத்தானே சொல்லணும்?" என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னை 'நீ' என்றார்.

கடைத்தெருவில் இறங்கினேன். மளிகைக் கடையில் கசகசாவைத் தொட்டுப் பார்த்தேன். எறும்பு ஞாபகம் வந்தது, கையை எடுத்துக்கொண்டேன். சுண்ணாம்புக் கடை, செங்கல் பொடி, சாம்பிராணித் தூள் என்று போய்க் கடைசியில் தச்சுச் சாமான் விற்கிற கடை வாசலில் நின்றேன். உள்ளே கம்பியில் உப்புத்தாள் தொங்கிக்கொண்டிருந்தது. மரம் இழைக்கத் தேய்க்கிற அதே உப்புத்தாள். முரட்டுத் தாளிலிருந்து நைஸ் தாள் வரை ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். நைஸ் தாளில் விரல் நின்றுவிட்டது. நிறம் எங்கள் ஊர் மணலின் நிறம். பகலில் வெயில் ஏறி வெளுத்த மணல். ஒவ்வொரு துணுக்கும் அவ்வளவு பொடி. சாய்த்துப் பிடித்தால் மினுங்கியது.

"எந்த மரத்துக்கும்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கடற்கரைக்கு" என்றேன். அவர் மேலே எதுவும் கேட்காமல் சுருட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு அது தையல் வேலையாகிவிட்டது. தாளைக் கரை வளைகிற மாதிரி வளைத்து வெட்டினேன். அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்து அங்கங்கே மேடு கொடுத்தேன். ஈர மணலுக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு மெழுகுவர்த்தியைச் சீவித் தாளின் ஓரத்தில் தூவி, மேலே ஒரு காகிதம் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். மெழுகு இறங்கின இடமெல்லாம் கறுத்துப் போயிற்று, அலை அப்போதுதான் பின்வாங்கின மாதிரி. நுரைக்கு மல் துணியின் ஓரத்தில் குறுக்கு நூலை உருவிப் பிசிறாக்கி ஒட்டினேன். கடலுக்கு, துணிக்குப் போடும் நீலத்தில் நனைத்துக் கஞ்சி போட்டுக் கசக்கிய துணி. மாலை தமிழ் டீச்சர் வந்து பார்த்தார். விரலை நீட்டி, தொடாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"வெள்ளையா இல்லையே" என்றேன்.

"பாட்டு எழுதினவங்க நிலா வெளிச்சத்துல பார்த்திருப்பாங்க. நீ பகல்ல பார்த்திருக்கே" என்றார்.

கண்காட்சியன்று ஊரிலிருந்து அம்மா வந்தாள். மீன் விற்று முடித்த கையோடு, வேறு புடவை மாற்றிக்கொண்டு, குப்பத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மலையையும் காட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நெய்தலுக்கு வந்து நின்றாள். கட்டை விரலால் உப்புத்தாளை அழுத்தினாள்.

"கால வெச்சா சுடும் போல கீதே!" என்று கூட வந்தவர்களிடம் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் யாருடைய பாராட்டும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அம்மா அதோடு விடவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த பெண் பொம்மையைக் காட்டி, "இன்னாடி, இவ சும்மா குந்திகினு கீறா?" என்றாள்.

"அவ வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரும்மா. அவர் வரணுமேன்னு காத்துக்கிட்டிருக்கா. நெய்தலுக்கு இரங்கல்தான் உரிப்பொருள்" என்று தமிழ் டீச்சர் விளக்கினார்.

"அது சரி டீச்சரம்மா. காத்துகினு இருக்கட்டும், வோணாம்னு சொல்லல. அந்நேரத்துக்கு ரெண்டு கண்ணி வலையாச்சும் பின்னலாமில்ல? கைல ஏதாச்சும் குடுங்க. பாவம், பொழுது போவாது அவளுக்கு."

கூட்டமே சிரித்தது. பெரிதாகச் சிரித்தவர் தமிழ் டீச்சர்தான். சிரித்துக்கொண்டே தன் கொண்டை வலையைக் கழற்றினார். நான் கத்தரிக்கோலால் அதில் ஒரு துண்டு வெட்டி அந்தப் பெண்ணின் மடியில் வைத்தேன். பொம்மை குனிந்த தலையோடு செய்யப்பட்டிருந்ததால் அது சட்டென்று வலையைப் பார்த்துக் குனிந்திருப்பது போலாகிவிட்டது. அம்மா திருப்தியாகத் தலையசைத்தாள். "இப்பவும் அழுவறாளா?" என்று தமிழ் டீச்சர் கேட்டார். "அழுதுகினே பின்னுவா. நாங்கல்லாம் அப்பிடித்தான்" என்றாள் அம்மா.

பார்வையிட வந்த கல்வி அதிகாரி பாலைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார். இது எந்த ஊர் மண் என்று கேட்டார். "கொளவாய் ஏரி சார்" என்றேன். "ஏரியில் பாலையா?" என்று அவர் திகைத்ததும் தமிழ் டீச்சர் ஆரம்பித்தார். மலையில் தொடங்கி வயலுக்கு வந்து சேர்வதற்குள் அதிகாரியின் ஜீப் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். முதல் பரிசு எங்களுக்கு வந்தது. நெய்தலுக்காகவா பாலைக்காகவா என்று நாங்கள் வெகு நாள் வாதம் பண்ணினோம்.

பலகைகள் நூலகத்து அலமாரியில் ஏறின. தையல் வகுப்பைத் தமிழ் டீச்சர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது; கேட்டார், ஆனால் முன்கூட்டியே கேட்டார். ஓய்வறையில் இரண்டு பேரும் ஜன்னல் பக்கமே உட்கார்ந்தோம்.

அடுத்த வருடம் அறிவியல் டீச்சர் எங்களிடம் வந்தார். அவருடைய கண்காட்சிக்கு நிலா வேண்டுமாம். டிராயிங் மாஸ்டர் விண்வெளி உடை போட்ட இரண்டங்குல ஆளைச் செய்துவிட்டார். அவன் நிற்கத் தரை வேண்டும். "நிலாவை யார் போய்த் தொட்டுப் பார்த்தது?" என்று நான் கேட்டேன். "தொட்டவங்க இருக்காங்களே, காலடி கூட வெச்சுட்டு வந்தாங்களே" என்றார் தமிழ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு மறுபடி கடற்கரைப் பக்கம் பஸ் ஏறினோம். கிளிஞ்சல் சுடுகிற சுண்ணாம்புக் காளவாய் ஒன்று அங்கே எனக்குத் தெரியும். ஆறிப்போன சாம்பல் அங்கே குவிந்து கிடக்கும்.

காளவாய்க்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னாம்மா வோணும்?" என்று கேட்டார்.

தமிழ் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "நிலா ஒரு பை" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

காளவாய்க்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, "சலிச்சதா, சலிக்காததா?" என்று கேட்டார்.